முக்கால் சித்தியின் முழுப் பை

உலகத்தில் பை தைத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். லட்சம் பேர்கூட இருக்கலாம். ஆனால் முக்கால் சித்தி குத்தூசியைக் கையில் எடுத்தால், ஊரிலுள்ள மாடுகளெல்லாம் வரிசையில் வந்து நின்று, "அம்மா தாயே, என் தோலை எடுத்துக்கோ, உன் கையால் ஒரு பையாகிவிட்டால் என் ஜென்மம் கடைத்தேறிவிடும்" என்று கெஞ்சும். கடல் கடந்த தேசங்களில் கண்ணாடி மாளிகைக்குள் உட்கார்ந்து பைக்குப் படம் வரைகிற பெரிய மனிதர்கள், சித்தியின் பேச்சை எடுத்தாலே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். அவள் தைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் கூன் நிமிரும், டிராபிக் ஒதுங்கும், மழைகூட நாலடி தள்ளித்தான் பெய்யும்.

இதில் கொஞ்சம் உப்பு கூடியிருக்கலாம். உண்மை என்னவென்றால், சித்தி இதுவரை தைத்த தோல் பை மொத்தமே ஒன்றுதான். அதுவும் நடுவில் ஒருநாள் கட்டிலுக்கடியில் எறியப்பட்டது.

சித்தி என்றால் வாலுவுக்குச் சித்தி. வாலு என்பது சித்தியின் அக்கா மகள்; பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற பெண், போய்ச் சேர்ந்தாளா என்பது வேறு விஷயம். வீட்டில் மற்ற இருவர் அக்காவும், அக்காவின் கணவரும். சித்தி அவரை மாமா என்று கூப்பிடுவாள். இரண்டு அறை, ஒரு சமையலறை. முன்னறை பகலில் எல்லோருக்கும், படுக்கிற நேரத்தில் சித்திக்கும் வாலுவுக்கும்.

முக்கால் என்பது மாமா கொடுத்த பட்டம். எதைத் தொட்டாலும் சித்தி முக்கால்வாசி பிரமாதமாகச் செய்வாள். மீதிக் காலுக்கு ஆள் இருக்க மாட்டாள். மாமாவுக்குப் பின்னிய கம்பளிச் சட்டைக்கு ஒரு கை கிடையாது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பின்பக்கமாக எடுப்பது தவிர எல்லாம் வரும். சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். அடுப்புக்கு மேலே ஒரு சதுரம் மட்டும் பழைய நீலமாகவே நின்றுவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் தூரத்திலிருந்து பார்த்து, "பரவால்லியே, ஜன்னல் வச்சிருக்கீங்க" என்பார்கள்.

சோம்பேறி என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அவளால் உட்கார முடியாது, அவ்வளவுதான். வேலை, கார்களுக்கும் பஸ்களுக்கும் சீட் கவர் தைக்கிற கடையில். நாள் முழுக்க மெஷினின் மிதியை அழுத்தி அழுத்தி, வீட்டுக்கு வந்த பிறகும் வலது கால் தன்பாட்டில் மிதித்துக்கொண்டே இருக்கும். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் டம்ளர் தண்ணீரில் அலையடிக்கும். மாமா தன் டம்ளரை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே சாப்பிடப் பழகிவிட்டார்.

அந்தக் கடையில் எத்தனையோ காலம் ஓட்டிவிட்டாள். அவள் தைத்ததை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். இது அவளே சொன்ன கணக்கு. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய், மூடியிருந்த ஜன்னலைத் திறந்தாள், திரும்பவும் மூடினாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு தோல் பைப் பட்டறை உண்டு. அங்கே பாட்டர்ன், அதாவது தோலை வெட்ட அளவுத்தாள், வெட்டுகிற மேசைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும், சித்தி மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் செருப்பு தேய ஓடினாள். பட்டறையை நடத்துகிற அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சீட் கவர் தைக்கிற கைனு சொல்றீங்க. ரெக்ஸின் வேற, தோல் வேற. தெரியும்ல?"

"தெரியும் மேடம். கத்துக்குவேன்."

"கத்துக்கறேன்னு வர்றவங்க நிறையப் பேரு. ஒரு பை. நீங்களே வெட்டி, நீங்களே தைச்சு, முழுசா முடிச்சு எடுத்துட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை காலையில நான் இங்கதான் இருப்பேன்."

முழுசா. அந்த அம்மாள் ஏதோ போகிற போக்கில் சொன்ன வார்த்தை. வீட்டில் தனக்கிருக்கிற பட்டத்தை யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்களோ என்று சித்திக்குச் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கக்கூட முடியவில்லை.

தோல் கிடைத்தது அதிர்ஷ்டம். கடைக்கு வந்த பழைய கார் ஒன்றின் பின்சீட்டு நிஜத் தோல். கார்க்காரருக்கு அது வேண்டாமாம், பளபளவென்று புதிதாக ரெக்ஸின் வேண்டுமாம். முதலாளியைக் கேட்டு, சித்தி அதைச் சுருட்டிக் கொண்டுவந்தாள். வறுத்த காப்பிக் கொட்டை நிறம். கிழிசல், கறையெல்லாம் ஒதுக்கினால் ஒரு பைக்குச் சரியாக வரும். ஒன்றரைப் பைக்கு வராது.

எந்தப் பை என்பதில் சித்திக்குச் சந்தேகமே இல்லை. கடைத்தெருவின் பெரிய அங்காடியில், குளிர்சாதனக் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பை இருந்தது. அதன் மூடி நேராக இல்லாமல் சாய்வாக வெட்டப்பட்டு, ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் விழும். நீளப் பக்கத்து நுனியில் ஒரு சின்ன பக்கிள். விலைச் சீட்டைப் பார்த்தபோது, மாமாவையும் மாமாவின் வண்டியையும் சேர்த்து விற்றாலும் அதன் கைப்பிடி மட்டும்தான் வாங்கலாம் என்று கூடப் போயிருந்த வாலு கணக்குப் போட்டுச் சொன்னாள்.

கடைப் பெண் படம் எடுக்க விடவில்லை. வாலு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

"படம் எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"பைய எடுக்கல அக்கா, என்னத்தான் எடுக்கறேன். எனக்கு இன்னிக்குப் பிறந்தநாள்."

கடைப் பெண் வாழ்த்துச் சொல்லி ஒரு மிட்டாய் வேறு கொடுத்தாள்.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சித்தி பழுப்புத்தாளில் பாட்டர்ன் வரைந்தாள். முன் பலகை, பின் பலகை, பக்கவாட்டுப் பட்டை, கைப்பட்டை, கடைசியில் அந்தச் சாய்ந்த மூடி. தாளைத் தரையில் பரப்பி, மண்டியிட்டு, எழுந்து, தள்ளி நின்று பார்த்து, திரும்ப மண்டியிட்டு. முன்னறையில் நடக்க இடமில்லாமல் மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டு போனார்.

"என்ன முக்கால், இந்தப் பையில எது இருக்காது? அடியா, பிடியா?"

"மாமா, காலையிலேயே ஆரம்பிக்காதீங்க."

"இல்லம்மா, அடி இல்லாம இருந்தா நான் தொப்பியா போட்டுக்கலாமேன்னு கேட்டேன்."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவள விடுங்க. நீங்க வாங்கின மவுத் ஆர்கன் எங்க?"

"அத மழைக்காலம் முடிஞ்சு ஊதலாம்னு வச்சிருக்கேன்."

அன்று மாலை மாமா தெருவெல்லாம் சுற்றிவிட்டு வந்தபோது, அவர் சட்டை முதுகில் பழுப்புத்தாள் துண்டு ஒன்று கிளிப்பில் தொங்கியது. "விற்பனைக்கு. பேரம் பேசலாம்." எழுத்து யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

தோலில் ஒரு கொடுமை உண்டு. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு இஸ்திரி போட்டால் போதும், ஓட்டை மறைந்துவிடும். தோலில் ஊசி போன இடம் போனதுதான். அதனால் குண்டூசி குத்தி வைக்க முடியாது. துணி காயப்போடுகிற கிளிப்புகளைப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். வீட்டு மெஷினில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு மடிப்புத் தோலைக் கண்டதும் ஊசி ஒடிந்து பறந்தது. ஆகவே கைத்தையல். குத்தூசியால் வரிசையாக ஓட்டை போட்டு, மெழுகு தடவிய ஒரே நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டையும் எதிரும் புதிருமாக நுழைத்து, இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். தோலை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். கால் ஆடினால் தையல் ஆடும்.

கால் ஆடாமல் இருப்பதுதான் சித்தியின் ஜாதகத்திலேயே கிடையாதே. பத்துத் தையல் போடுவாள், எழுந்துவிடுவாள். குழாயைத் திறந்து மூடுவாள். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோது அடுப்பைப் போய்ப் பார்ப்பாள். வாசல் வரை போய், யாரையோ தேடுகிறவள்போல் தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "சித்தி, யாரு வரப் போறாங்க?" என்று வாலு கேட்டால், "யாரும் வரலியே, அதத்தான் பாக்கறேன்" என்பாள். சீட் கவர் கடையில் இருக்கும்போது மனசு பையில் இருக்கும். பையின் முன்னால் உட்கார்ந்தால் மனசு ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும். அந்த அம்மாளின் மூக்கு நுனிக் கண்ணாடி, அவளுக்கும் பைக்கும் நடுவில் வந்து வந்து நின்றது.

இருந்தும் பை வளர்ந்தது. பக்கவாட்டுப் பட்டை இரண்டு பலகையோடும் சேர்ந்தது. பின் பலகையின் மேல் விளிம்பில் மூடியைத் தைத்து முடித்தாள். இனி கைப்பட்டையும் பக்கிளும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை மேசை மேல் நிற்க வைத்தபோது அது உண்மையிலேயே ஒரு பையைப்போல நின்றது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தாள். "அடியே, கடையில வாங்கினதாட்டம் இருக்குடி" என்றாள். சித்தியின் கால் அந்த ஒரு நிமிடம் ஆடாமல் இருந்தது.

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு கயிற்றை எடுத்துப் பையின் இரண்டு பக்கமும் கட்டி, வலது தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி முன்னறையில் நடந்தார். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா பெரிய பணக்காரி சில்லறை எடுக்கிற பாவனையில் மூடியின் நீள நுனியைத் தேடினார். கை முன்னால் போயிற்று. நுனி அங்கே இல்லை. உடம்பை முறுக்கி, முழங்கையைப் பின்னால் வளைத்துத் தேடினார்.

"என்னம்மா இது? நுனி என் முதுகுப் பக்கம் இருக்கு. பின்னால வர்றவன் திறந்து எடுத்துக்க வசதியா தைச்சிருக்கியா?"

வாலு இன்னும் சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற வாலு. வாலுவின் சட்டையில் அச்சடித்திருந்த எழுத்துக்கள் எல்லாம் வலமிருந்து இடமாகத் திரும்பி ஓடின. இத்தனை நாள் பையை மட்டுமே பார்த்தவள், இப்போதுதான் சட்டையைப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் இருந்த பையை அப்படியே வெட்டியிருக்கிறாள். இடம் வலமாகிவிட்டது. மூடியின் சாய்வு எதிர்ப்பக்கம் விழுகிறது.

"வேற மூடி வெட்டிக்கலாமே" என்றாள் அக்கா.

மிச்சமிருந்த தோல் துண்டுகளைச் சித்தி தரையில் கொட்டினாள். உள்ளங்கைக்கு மேல் பெரிசாக ஒன்றும் இல்லை.

"கடையில ரெக்ஸின் இருக்கும்ல, அதே கலர்ல..."

"தொட்டதும் கண்டுபிடிச்சிருவாங்க அக்கா. தோல் பைக்கு ரெக்ஸின் மூடி போட்டுக் கொண்டுபோனா, வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

மாமா கயிற்றை அவிழ்த்துப் பையை மெதுவாக மேசையில் வைத்தார். அவருக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அந்த வீட்டில் அது அபூர்வம். "பாக்கறதுக்கு நல்லாத்தான்மா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதுதான் சித்திக்குத் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள்.

பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "ஞாயித்துக்கிழமை நான் எங்கயும் போகல" என்றாள். கம்பளிச் சட்டையின் மிச்ச நூல் கண்டும் அங்கேதான் கிடந்தது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் பை போயிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை கடை அரை நாள். மத்தியானம் வந்தவள் சாப்பிடாமல் முன்னறையில் நடந்தாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்து நடந்து, கடைசியில் குனிந்து பையை இழுத்தாள். தூக்கிப் போடத்தான் இழுத்தாள். பிரித்துப் போட்டால் தோல் துண்டாவது முதலாளிக்கு உதவும். மூடியின் தையலைக் கத்தரியின் நுனியால் ஒவ்வொன்றாக அறுத்தாள். மூடி கையோடு வந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். அவள் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மூடியைப் புரட்டிக்கொண்டிருந்தது. வழுவழுப் பக்கம், முரட்டுப் பக்கம், வழுவழு, முரடு. சீட் கவர் கடையில் முரட்டுப் பக்கம் என்பது உள்ளாடை மாதிரி. வெளியே தெரிந்தால் முதலாளி ஊரைக் கூட்டிவிடுவார். ஜன்னலுக்குப் போனாள். கதவுக்கு வந்தாள். புரட்டினாள்.

அப்புறம் நின்றாள்.

முரட்டுப் பக்கம் மேலே இருக்கும்போது மூடியின் சாய்வு சரியான பக்கம் விழுந்தது.

ஓடிப்போய்ப் பையின் மேல் வைத்துப் பார்த்தாள். விளிம்பில் குத்தியிருந்த ஓட்டைகள், திருப்பிப் போட்டாலும் பின் பலகையின் ஓட்டைகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன. புதிதாக ஒரு ஓட்டைகூடப் போட வேண்டியதில்லை. உப்புத்தாளை எடுத்து முரட்டுப் பக்கத்தை ஒரே திசையில் தேய்த்தாள். பிசிறு உதிர்ந்து, உள்ளேயிருந்து பூனைக்குட்டியின் வயிறுபோல மெத்தென்று ஒரு தோல் வந்தது.

அதன் பிறகு நடந்ததை மாமா இன்றுவரை நம்பவில்லை. சித்தி உட்கார்ந்தாள். மூடியைத் திருப்பித் தைத்தாள். கைப்பட்டையைத் தைத்தாள். பக்கிளை வைத்தாள். நடுவில் கால் ஆடத்தான் செய்தது; ஆடும்போதெல்லாம் ஊசியை நிறுத்தி, கால் ஓயும்வரை காத்திருந்து, மறுபடி தொடங்கினாள். குழாய்ப் பக்கம் போகவில்லை. வாசல் பக்கம் போகவில்லை. அக்கா ஊட்டிவிட்டாள். எதிரில் தரையில் படுத்துக்கொண்டு வாலு பக்கிளைத் துடைக்கிறேன் பேர்வழி என்று அதில் தன் மூஞ்சியைப் பார்த்துப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறையில் சித்தியும் வாலுவும் நின்றார்கள். பசை வாடையும் தோல் வாடையும் கலந்த அறை. ஜன்னலோரம் அந்த மேசை, மேலே ஒன்றுமில்லாமல், துடைத்து வைத்திருந்தது. சித்தி அதைப் பார்க்காதவள்போலப் பார்த்தாள்.

பட்டறை அம்மாள் பையை வாங்கினார். கைப்பட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பினார். நூல் முடிச்சைத் தேடினார். விளிம்பை விரலால் வருடினார். வலது தோளில் மாட்டிக்கொண்டார். கை முன்னால் போனது, நுனி அங்கேயே இருந்தது. கடைசியில் மூடியில் வந்து நின்றார்.

"இந்த டிசைன் எனக்குத் தெரியும். ஆனா அதுல மூடி வழுவழுன்னுதான் இருக்கும். நீங்க ஏன் உள்பக்கத்த வெளிய போட்டீங்க?"

சித்தி மூடியைப் பார்த்தாள். வலது கால் தரையை மிதிக்கத் தொடங்கியது.

"இதுதான் மேடம் இப்போ பேஷன்" என்றாள் வாலு. "வெளிநாட்டுல எல்லாரும்..."

"ஏய், சும்மா இரு." சித்தி அந்த அம்மாளின் கண்ணாடிக்கு மேலே, நேராகக் கண்ணைப் பார்த்தாள். "தப்பா வெட்டிட்டேன் மேடம். கண்ணாடியில எடுத்த படத்தப் பாத்து வரைஞ்சேன், இடம் வலமாயிருச்சு. வேற தோல் இல்ல. அதான் திருப்பிப் போட்டேன்."

அம்மாள் மறுபடி மூடியைத் தடவினார். மேலிருந்து கீழே தடவியபோது நிறம் வெளுத்தது. கீழிருந்து மேலே தடவியபோது கறுத்தது. இரண்டு மூன்று தடவை அப்படியே செய்துகொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இடது பக்கப் பட்டையில ஒரு நாலஞ்சு தையல் தளர்ந்திருக்கு."

"ஆமா மேடம். அங்க கால் ஆடிருச்சு."

"நாளைக்கு வந்து அதப் பிரிச்சுச் சரியா தைங்க. அந்த மேசையில உக்காந்து தைங்க. தைச்சுட்டு, எனக்கு இதே மூடிக்குப் பாட்டர்ன் ஒன்னு வெட்டிக் குடுங்க." சொல்லிவிட்டுப் பையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "சீட் கவர் கடையில சொல்லிட்டு வந்துருங்க. அவங்க ஆளை நான் களவாடினேன்னு வரக் கூடாது."

வெளியே வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. இருவரும் ஏறவில்லை, அது போய்விட்டது. சித்தி அங்கேயே, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தி, குழந்தைபோல விம்மி விம்மி அழுதாள். வாலு பதறவில்லை. பெரிய மனுஷியாக அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "அழாத சித்தி, ஊர் பாக்குது" என்று சமாதானம் சொல்லி, கண்ணைத் துடைத்துவிட்டு...

"யாரு? யாரு அழுதது?"

நான் எழுதிக்கொண்டிருந்த தாளுக்கு மேலே நிழல் விழுந்தது. சித்தி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் அவள் கால் சத்தம் போடுவதில்லை. அது ஒரு தொல்லை.

"கதைனா அப்படி இப்படித்தான் இருக்கும் சித்தி..."

"கம்பத்தப் பிடிச்சுட்டு விம்மினது நானா? என் தோள்ல மூஞ்சிய வச்சு, மூக்கச் சிந்தி, 'சித்தி முடிச்சிட்டா, சித்தி முடிச்சிட்டா'ன்னு பஸ்ல இருக்கறவங்களெல்லாம் எட்டிப் பாக்கற மாதிரி ஊளையிட்டது யாருடி, வாலு? அந்தச் சட்டைய இன்னும் துவைக்கல. எடுத்துட்டு வரட்டுமா?"